உங்களுக்குத் தெரியுமா? வைரத்தோடு முதல் வண்ண வைரம் வரை

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமித் திருவிழாவில் மாங்கனி இறைத்து முடிந்ததும், ஆவணியில் முகூர்த்தம் வைத்திருக்கும் வீடுகளில் நகைப் பேச்சு சூடுபிடித்துவிடும். தங்கம் வாங்க நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைரம் என்றால் மட்டும் கடைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வருகிறோம். இனி நாமும் கேள்வி கேட்டு வாங்கலாம். அதற்கு உதவும் செய்திகள் இவை.

● இரண்டு காரட், இரண்டு அர்த்தம்

22 காரட் தங்கம் என்பது தங்கத்தின் தரம். ஒரு காரட் வைரம் என்பது கல்லின் எடை. ஒரு காரட்டுக்கு 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். ஒரு பவுன் எடையில் 40 காரட் அடங்கும். வட்ட வெட்டில் ஒரு காரட் கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலமும், பத்து சென்ட் கல் சுமார் 3 மில்லிமீட்டர் அகலமும் இருக்கும்.

● ப்ளூ ஜாகர் எங்கிருந்து வந்தது?

ஏழுகல் தோடு, எட்டுக்கல் பேசரி என்று எதைக் கேட்டாலும் தமிழ்நாட்டுக் கடைகளில் முதலில் காதில் விழும் பெயர் ‘ப்ளூ ஜாகர்’. தென்னாப்பிரிக்காவில் 1870ல் வைரம் கிடைத்த ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தின் பெயர்தான் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலேசான நீலச் சாயையோடு மின்னும் வெள்ளைக் கற்களுக்கு அந்தச் சுரங்கம் பேர்பெற்றது. அதை மூடி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்று ப்ளூ ஜாகர் என்று விற்கும் கல் பெரும்பாலும் வேறு ஏதோ சுரங்கத்தில் எடுத்தது. அது நீல வைரமும் ஆகாது. வெயிலில் நீலமாய் ஒளிரும் வெள்ளை வைரம், அவ்வளவே.

● நோட்டு பார்க்கும் விளக்கில் தோடு

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் சில வைரங்கள் தாமே ஒளிரும். நூறு வைரங்களில் 25 முதல் 35 வரை இந்தக் குணம் உண்டு. பெரும்பாலும் நீல ஒளிதான். இலேசாக மஞ்சளோடிய கல்லைப் பகலில் வெண்மையாகக் காட்டுவதும் இந்த ஒளியே. ஒளிர்வு மிகவும் கூடிப்போனால் சில கற்கள் பால் கலந்த நீர்போல் மங்கித் தெரியும்.

கல்லாவில் ரூபாய் நோட்டு பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கைக் கேட்டு வாங்குங்கள். தோட்டை அதன் கீழே வைத்து, கையால் மறைத்து இருட்டாக்கிப் பாருங்கள். நடுக்கல்லும் சுற்றியுள்ள ஆறு கற்களும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒளிர்ந்தால் சோடி பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஆறு நீலமாகி ஒன்று மட்டும் இருண்டு கிடந்தால், அந்த ஒன்று வேறு தொகுப்பிலிருந்து வந்திருக்கலாம், பிறகு மாற்றியதாகவும் இருக்கலாம். அது போலி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஏன் என்று கேளுங்கள்.

● கட்டுமுன் பாருங்கள்

நம் பழைய பாணித் தோடுகளில் கல்லின் பின்புறம் தங்கத்தால் மூடியிருக்கும். கல்லைக் கட்டிய பிறகு அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. விளிம்புச் சில்லு, உள்ளே ஓடும் கீறல், நிறம் எல்லாம் மறைந்துவிடும். அதனால் புதுத் தோடு செய்யக் கொடுக்கும்போது கற்களை உதிரியாகவே பாருங்கள். வெள்ளைத் தாளை மடித்து, அதில் கற்களைக் கவிழ்த்து வைத்து, நிழலான பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால் மஞ்சள் எட்டிப்பார்ப்பது உடனே தெரியும். கடையின் விளக்குகள் எந்தக் கல்லையும் மினுக்கிக் காட்டும். வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கத் தயங்காதீர்கள்.

● ஏழு சிறியது, ஒன்று பெரியது

எழுபது சென்ட் ஒற்றைக் கல்லின் விலையும், பத்து சென்ட் வீதம் ஏழு கற்களின் விலையும் ஒன்றல்ல. பெரிய கல் கிடைப்பது அரிது என்பதால் எடை ஏற ஏற ஒரு காரட்டுக்கான விலையே ஏறும். அளவான பணத்தில் காது நிறையப் போட நம் பாட்டிமார் தேர்ந்தெடுத்த ஏழுகல் தோடு இன்றும் நல்ல தேர்வுதான்.

● சென்னையில் நடந்த பேரம்

1701 டிசம்பரில் ஜம்சந்த் என்ற வணிகர், சென்னைக் கோட்டையின் ஆளுநர் தாமஸ் பிட்டிடம் 410 காரட் பட்டை தீட்டாத வைரம் ஒன்றைக் கொண்டுவந்தார். கேட்ட விலை இரண்டு லட்சம் வராகன். பிட் சொன்னது 30,000. பல நாள் இழுபறிக்குப் பின், 1702ல் 48,000 வராகனுக்கு முடிந்தது. இங்கிலாந்தில் அதைத் தீட்டி முடித்தபோது மிஞ்சியது 140.64 காரட். மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஆனாலும் 1717ல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஓர்லியான் கோமகன் அதை 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். ‘ரீஜன்ட்’ என்ற பெயரில் இன்று அது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 2025 அக்டோபர் 19ல் அங்கே நடந்த பெருங்கொள்ளையிலும் அது தப்பியது. பாரிசில் உறவினர் உள்ள காரைக்கால் குடும்பங்கள், அதைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு, அடுத்த பயணத்தில் போய்ப் பார்க்கலாம்.

● எடையைவிட வெட்டு

ரீஜன்ட் சொல்லும் பாடம் இது. வைரத்தின் ஒளி அதன் வெட்டில்தான் இருக்கிறது. சரியான கோணத்தில் வெட்டிய கல்லுக்குள் மேலிருந்து நுழையும் ஒளி அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பி மேலேயே வந்துவிடும். அடி அதிகம் ஆழமாகவோ தட்டையாகவோ இருந்தால் ஒளி கீழே ஒழுகிவிடும். நடுவில் இருட்டு விழும். 58 பட்டை வட்ட வெட்டுக்கான கணக்கை மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919ல் வெளியிட்டார். எடை பத்து சென்ட் குறைந்தாலும் வெட்டு நன்றாக உள்ள கல்லையே எடுங்கள்.

● அரசர் வாங்கிய நீலம்

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1739ல். அதற்குச் சுமார் எழுபது ஆண்டுகள் முன்பே நம் நாட்டு நீல வைரம் ஒன்று பிரான்சுக்குப் போய்விட்டது. தவெர்னியே என்ற வணிகர் 1668ல் பதினான்காம் லூயியிடம் விற்ற கல் அது. 1673ல் அரசர் அதை மறுபடி வெட்டச் செய்தார். 1792ல், புரட்சிக் காலத்தில் அது திருடுபோயிற்று. திருடர்கள் வழியே மறைந்து மீண்டும் வெட்டுப்பட்ட அதே கல்தான், இன்று வாஷிங்டனில் இருக்கும் 45.52 காரட் ‘ஹோப்’ வைரம். புற ஊதா ஒளியைக் காட்டி அணைத்ததும் அது சில நொடிகள் சிவப்பாக ஒளிர்கிறது.

● நிறம் எப்படி வருகிறது?

சுத்தமான கரியணுக்களால் மட்டும் ஆன வைரத்துக்கு நிறமே இல்லை. ஊடே நைட்ரஜன் புகுந்தால் மஞ்சள். மிகச் சிறிதளவு போரான் புகுந்தால் நீலம். பூமிக்கடியில் அழுத்தத்தில் படிக அடுக்கு பிசகினால் பழுப்பு அல்லது இளஞ்சிவப்பு. பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு பட்டால் பச்சை. இவற்றில் பழுப்பும் மஞ்சளும் அதிகம் கிடைப்பவை. வண்ண வைரம் ஆசைப்பட்டு முதல்முறை வாங்குகிறவர்களுக்கு அவையே கைக்கு எட்டும்.

● தலைகீழ் விலை

வெள்ளை வைரத்தின் நிறத்தை அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. ‘டி’யில் தொடங்கி ‘இசட்’ வரை தரம் பிரிக்கிறது. கீழே போகப் போக மஞ்சள் கூடும், விலை குறையும். ‘இசட்’டையும் தாண்டி மஞ்சள் அடர்ந்துவிட்டால் கதை மாறுகிறது, அது வண்ண வைரம், நிறம் கூடக்கூட விலையும் கூடும். ‘ஃபேன்ஸி’, ‘ஃபேன்ஸி இன்டென்ஸ்’, ‘ஃபேன்ஸி விவிட்’ என்ற சொற்களைச் சான்றிதழில் தேடுங்கள். ‘விவிட்’ தான் பளிச்சென்ற நிறம்.

● திருநள்ளாறும் நீலமும்

திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி நேரத்தில் யாராவது நீலக்கல் போடச் சொல்வார்கள். சனிக்கு உரியதாக நவரத்தின மரபு சொல்வது நீலக்கல். வைரம் சுக்கிரனுக்கு உரியது. நீலக்கல் அலுமினிய ஆக்சைடு. நீல வைரமோ கரி. இரண்டும் வெவ்வேறு கற்கள், வெவ்வேறு விலை. குறைந்த விலையில் ‘நீல வைரம்’ என்று நீட்டினால், நிறம் செயற்கையாக ஏற்றியதா என்று கேளுங்கள்.

● இளஞ்சிவப்பு ஏன் இவ்வளவு விலை?

உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒரே சுரங்கத்தில் கிடைத்தவை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் அது. 2020 நவம்பரில் மூடிவிட்டார்கள். ‘பிங்க் ஸ்டார்’ என்ற 59.60 காரட் இளஞ்சிவப்பு வைரம் 2017ல் ஹாங்காங் ஏலத்தில் 7.12 கோடி டாலருக்குப் போயிற்று.

● ஏற்றிய நிறம்

பழுப்பு வைரத்தைக் கதிர்வீச்சிலும் வெப்பத்திலும் வைத்து நீலமாக, பச்சையாக, மஞ்சளாக மாற்றலாம். சந்தையில் உள்ள கறுப்பு வைரங்கள் பெரும்பாலும் நிறம் ஏற்றியவை. சிலவற்றுக்கு மேலே மெல்லிய பூச்சு மட்டும் இருக்கும். நாளடைவில் அது தேயும். இவற்றை வாங்குவது தவறில்லை. இயற்கை நிறத்தின் விலையைக் கொடுப்பதுதான் தவறு. சான்றிதழில் நிறத்தின் தோற்றம் ‘இயற்கை’ என்று இருக்கிறதா, ‘மாற்றியது’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

● தஞ்சைக் கோயிலின் சான்றிதழ்

நம் டெல்டாவிலேயே ஆயிரம் ஆண்டு பழமையான வைரப் பட்டியல் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் காலத்தில் கொடுத்த நகைகளைக் கல்வெட்டில் பொறித்தபோது, கற்களின் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. கீறல் விழுந்தவை, செம்புள்ளி, கரும்புள்ளி உள்ளவை, வெந்ததுபோல் தடம் உள்ளவை என்று வைரங்களின் குறையையும் சேர்த்தே வெட்டினார்கள். இறைவனுக்குக் கொடுத்த கல்லின் குறையைக்கூட மறைக்காத மண் இது. நம் பெண்ணுக்கு வாங்கும் கல்லின் குறையை எழுதிக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

● அமெரிக்கன் டைமண்ட் வைரமா?

இல்லை. அது கியூபிக் சிர்கோனியா. அதே அளவுள்ள வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் எடையுள்ளது. மாய்சனைட் என்பது இன்னொன்று. வெப்பத்தை மட்டும் அளக்கும் பரிசோதனைக் கருவி அதையும் வைரம் என்றே காட்டிவிடும். தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். கண்ணாடியும் மூழ்கும், வைரமும் மூழ்கும்.

● ஆய்வகத்தில் விளைந்த வைரம்

இது போலி அல்ல; அதே கரி, அதே கடினம். கருவி வைத்துப் பார்த்தாலும் வைரம் என்றே சொல்லும். இயற்கைக் கல்லிலிருந்து பிரித்தறிய நல்ல ஆய்வகம் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வக வைரத்துக்கென ஓர் ஆய்வு மையம் அமைக்க மத்திய அரசு 2023ல், ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கியது. விலை இயற்கை வைரத்தைவிட மிகக் குறைவு. உற்பத்தி பெருகியதால் இறங்கிக்கொண்டும் வந்திருக்கிறது. ஆசைக்குப் போட நல்ல கல். பின்னாளில் விற்றுப் பணமாக்கலாம் என்று கணக்குப் போட்டு மட்டும் வாங்காதீர்கள். அடைமொழி இல்லாமல் ‘வைரம்’ என்றால் இயற்கை வைரத்தையே குறிக்கும் என்கிறது 2015ல் வந்த ஐ.எஸ்.ஓ. 18323 விதி.

● ஆகி வருமா?

வைரத்தை வீட்டில் சில நாள் வைத்துப் பார்த்து, மனசுக்குப் பட்டால் மட்டும் வாங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பெரியவர்களின் நம்பிக்கையை மதிப்போம். அந்த நாட்களில் காலை வெயிலில் ஒருமுறை, குழல்விளக்கில் ஒருமுறை, மாலை நிழலில் ஒருமுறை கல்லைப் பாருங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, தெரிந்த இன்னொரு நகைக்காரரிடமும் காட்டுங்கள்.

● மஞ்சள் தங்கத்துக்கு எந்த நிறம்?

22 காரட் மஞ்சள் தங்கத்தில் கட்டினால், ‘ஜே’, ‘கே’ நிறக் கல்லின் இலேசான மஞ்சள் கண்ணில் படாது. அதில் ‘டி’ நிறத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்க அவசியமில்லை. வெள்ளைத் தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டும் நிறமற்ற கல் தேவை. மஞ்சள் வண்ண வைரத்துக்கு மஞ்சள் தங்கமே துணை. நிறத்தை இன்னும் தூக்கிக் காட்டும்.

● எண்ணெய் முழுக்குக்கு முன்

வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். கிரீஸ் தடவிய மேசைமேல் சரளையை ஓடவிட்டு வைரத்தைப் பிடிப்பது தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களின் பழைய முறை. சனிக்கிழமை திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகுமுன் தோட்டையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். மங்கிய திறந்த கட்டு நகையை வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் ஒளி திரும்பும். மூடிய கட்டுத் தோட்டை ஊறவைக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

● கடினம்தான், ஆனாலும் உடையும்

வைரத்தைக் கீற வைரத்தால்தான் முடியும். ஆகவே வைர நகைகளை ஒரே டப்பாவில் குவிக்காதீர்கள். சில திசைகளில் சுத்தியலடி பட்டால் பிளந்துவிடும். நெருப்பும் ஆகாது. வைரம் எரியும் என்று 1772ல் பாரிசில் லவாய்சியே காட்டினார். கல்லோடு நகையைப் பற்றவைக்கும் பத்தர்கள் கல்லின்மேல் போரிக் அமிலம் பூசுவது இதற்காகத்தான்.

● பில்லில் என்ன இருக்க வேண்டும்?

பி.ஐ.எஸ். ஹால்மார்க்கும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடும் தங்கத்துக்கு மட்டுமே சாட்சி. கல்லைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது. எனவே பில்லில் தங்கத்தின் நிகர எடை தனியாகவும், கற்களின் எண்ணிக்கையும் காரட் எடையும் தனியாகவும் இருக்கட்டும். இயற்கையா, ஆய்வகத்தில் விளைந்ததா. நிறம் இயற்கையா, ஏற்றியதா. நிறம், தெளிவு, வெட்டு என்ன தரம். திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் – இவற்றையும் எழுதி வாங்குங்கள். சான்றிதழ் எண் பொறித்த கல்லானால், விளிம்பில் இருக்கும் அந்த எண்ணை லென்ஸ் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.