கூடாரத்துக் கொக்கி

கூடாரத்தின் வாசலில் இடுப்புயரத்துக்கு ஒரு பலகை மேடை. அதை ‘பாலி’ என்பார்கள். மேடையில் ஒருவன் மணியடித்துத் தொண்டை கிழியக் கத்துகிறான். அவன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று பயில்வான்கள். இவர்களில் யாரோடாவது பதினைந்து நிமிடம் தாக்குப்பிடித்தால் கையில் காசு. கீழே சோளக்காட்டு வேலையை முடித்துவிட்டு வந்த விவசாயிகள். அதில் வாட்டசாட்டமான ஒருவனை நண்பர்கள் முன்னால் தள்ளுகிறார்கள். அவன் சட்டையைக் கழற்றுகிறான்.

அமெரிக்காவின் சிற்றூர்களில் கோடை தோறும் நடந்த காட்சி இது. 1893-ல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பிறகு, ராட்டினமும் குறிசுடும் கடையுமாக ரயிலேறி ஊர் ஊராகப் போகும் கார்னிவல்கள் பெருகின. ‘அத்லெடிக் ஷோ’ என்ற மல்யுத்தக் கூடாரமும் அவற்றில் ஒன்று. அங்கே நடந்த மல்யுத்தம் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்தது. விகன், போல்டன் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்களின் விளையாட்டு. பெயர் ‘கேட்ச்-ஆஸ்-கேட்ச்-கேன்’, அதாவது எங்கே பிடிக்க முடியுமோ அங்கே பிடி. கிரேக்க-ரோமானிய முறையில் இடுப்புக்குக் கீழே கை போகக்கூடாது. இதில் காலையும் பிடிக்கலாம், கணுக்காலையும் முறுக்கலாம்.

கூடாரத்துக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சவாலுக்கு வந்தவன் ஜெயிக்க வேண்டியதில்லை, நேரத்தை ஓட்டினால் போதும். கூடாரத்துப் பயில்வான்தான் ஜெயித்தாக வேண்டும். அதுவும் அன்றைக்கே இன்னும் நாலைந்து பேர் வருவார்கள். தன்னைவிட இருபது கிலோ கூடுதலான ஆளின் இரண்டு தோள்களையும் தரையில் அழுத்திக்கொண்டிருந்தால் அடுத்தவனுக்குத் தெம்பு இருக்காது. அதனால் பிறந்ததுதான் ‘ஹூக்’. கொக்கி. மூட்டைப் பூட்டி, அது திரும்பக்கூடாத பக்கம் திருப்புவது. பூட்டு விழுந்த பிறகு எதிராளியின் பலத்துக்கு மதிப்பில்லை. கத்தி ஒப்புக்கொள்ளலாம், அல்லது மூட்டு போகலாம்.

இரட்டை மணிக்கட்டுப் பூட்டு என்று ஒன்று. எதிராளியின் மணிக்கட்டை ஒரு கையால் பற்ற வேண்டும். மறு கையை அவன் மேற்கையைச் சுற்றி நுழைத்துத் தன் மணிக்கட்டையே பிடிக்க வேண்டும். அவன் முழங்கை மடங்கியபடி இருக்க, கையை முதுகுப்பக்கமாகத் திருகினால் தோள்மூட்டு கழலும். 1951-ல் பிரேசிலில் ஜியு-ஜிட்சு வீரர் ஹெலியோ கிரேசியின் கையை ஜப்பானின் ஜூடோ வீரர் கிமுரா உடைத்தது இதே வகைப் பூட்டில்தான். இன்று ஜியு-ஜிட்சு பயிலும் பிள்ளைகள் இதை ‘கிமுரா’ என்கிறார்கள்.

இந்தக் கொக்கிகள் கைவந்தவன் ‘ஹூக்கர்’. அவனுக்கு ஒரு படி கீழே, நிஜச் சண்டையில் யாரோடும் மோதக்கூடியவன் ‘ஷூட்டர்’. நிஜப் போட்டி ‘ஷூட்’, முன்பே பேசி முடித்தது ‘வொர்க்’. காசைத் தொலைக்கப்போகும் அப்பாவி ‘மார்க்’. அவன் முதுகில் சாக்பீஸ் கையால் தட்டி அடையாளம் வைப்பார்களாம், அதனால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. கூட்டத்தோடு கூட்டமாக நின்று, உள்ளூர்க்காரனைப்போல முதலில் கையைத் தூக்கும் கூடாரத்து ஆள் ‘ஸ்டிக்’.

தங்களுக்குள் பேச ஒரு மொழியும் வைத்திருந்தார்கள். நம் பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து ‘க’ சேர்த்துப் பேசுவார்களே, அதுபோல் வார்த்தைகளுக்குள்ளே ‘ஈஸ்’ என்ற ஒலியைச் செருகிப் பேசுவார்கள். கட்டிப்புரளும்போதே அடுத்து என்ன என்று இதில் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் புரியாது. ரகசியத்தைக் காப்பதைக் குறிக்கும் ‘கேஃபேப்’ என்ற சொல்லும் இந்த உலகத்துச் சரக்குதான்.

டி.வி. மல்யுத்தத்தைப் பார்த்து ‘எல்லாம் போங்காட்டம்’ என்கிறோம். அந்தப் போங்காட்டத்துக்கு விதை விழுந்த இடம் இந்தக் கூடாரம். வந்தவனை ஒரே நிமிடத்தில் படுக்கப் போட்டால் அடுத்தவன் மேடையேற மாட்டான், பந்தயமும் சேராது. அதனால் அவனைக் கொஞ்ச நேரம் ஜெயிப்பதுபோல் ஆடவிட வேண்டும். இதற்கு ‘கேரி’ என்று பெயர், சுமப்பது. கடைசி நிமிடத்தில் கொக்கி. எவனையும் எப்போது வேண்டுமானாலும் முடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்த நடிப்பு சாத்தியம். அந்த மனிதர்களை வெறும் வேஷக்காரர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

அயோவாவின் மார்ட்டின் ‘ஃபார்மர்’ பர்ன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 75 கிலோ அளவில்தான். கழுத்தோ 20 அங்குலம். தூக்குக்கயிற்றை மாட்டிக்கொண்டு ஆறடி கீழே விழுந்து, தொங்கியபடியே சீட்டியடித்துக் காட்டுவார். அவருடைய சீடர் ஃபிராங்க் காட்ச். 1901-ல் காட்ச் கிளாண்டைக் தங்கவேட்டைப் பகுதிக்குப் போய், ‘ஃபிராங்க் கென்னடி’ என்ற பொய்ப்பெயரில் சுரங்கத் தொழிலாளிபோல இருந்துகொண்டு, பந்தயக் குஸ்தியில் பெரும்பணம் பார்த்தார். கூடாரத்தில் நடந்தது அங்கே கூடாரமே இல்லாமல் நடந்தது. அதே காட்ச்தான் 1908 ஏப்ரலில், சிகாகோவில், உலகமே வியந்த ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அலைக்கழித்துப் பணியவைத்தார். காட்ச்சின் பேர்போன ஆயுதம் கால்விரல் பூட்டு. 1911-ல் இருவரும் மறுபடி மோதியபோது கோமிஸ்கி பார்க்கில் ஏறத்தாழ 30,000 பேர்.

1920-களில் எட் ‘ஸ்ட்ராங்க்லர்’ லூயிஸும் அவருடைய கூட்டாளிகளும் மல்யுத்தத்தை வேகமான மேடைக்காட்சியாக மாற்றினார்கள். மணிக்கணக்கில் தரையில் கிடக்கும் நிஜப்பிடியைப் பார்க்க ஆளில்லை. ஆனாலும் சாம்பியன் பட்டத்தை நிஜமான ஷூட்டரிடம் கொடுத்துவைப்பது பாதுகாப்பு என்று கருதினார்கள். நடுவில் யாராவது பேச்சு மாறி நிஜமாகவே மோதினால் சமாளிக்க வேண்டுமே.

லூ தெஸ் அப்படி வந்த சாம்பியன். ஜார்ஜ் ட்ராகோஸ், ஆட் சான்டெல் ஆகிய இரண்டு கொக்கிக்காரர்களிடம் பாடம் கேட்டவர். ஆங்கிலத்தில் ‘ஹூக்கர்’ என்றால் இன்று பாலியல் தொழில் செய்யும் பெண் என்றுதான் பலருக்கும் புரியும். அது தெரிந்தும் தெஸ் தன் சுயசரிதைக்கு அந்த ஒற்றைச் சொல்லையே தலைப்பாக வைத்தார்.