தரவுகளின் நெடுஞ்சாலை

குடிமகனின் முகவரியை ஓர் அரசுத்துறை அறிந்திருக்க, மற்றொரு துறை அதையே மீண்டும் கேட்பது ஏன்? எஸ்டோனியா நாடு இவ்வினாவிற்கு 2001ஆம் ஆண்டில் விடை கண்டது. துறைகளின் கணினிகளுக்கிடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் ‘எக்ஸ்-ரோடு’ என்னும் இடைமென்பொருளே அவ்விடை. எல்லாத் தரவுகளையும் ஒரே களஞ்சியத்தில் குவிப்பது எளிதாகத் தோன்றலாம். ஆயின், அதன் பூட்டு உடைந்தால் அனைத்தும் பறிபோகும். எனவே தரவு அந்தந்தத் துறையிடமே இருக்கிறது. வினாவும் விடையும் மட்டுமே பயணம் செய்கின்றன. கேட்கும் துறைக்கு உரிமை உண்டா எனத் தரவுடைய துறையின் பாதுகாப்புச் சேவையகம் சரிபார்த்த பின்னரே விடை செல்லும். ஒவ்வொரு செய்தியும் மின்னொப்பமும் நேரமுத்திரையும் பெற்று இருபுறமும் பதிவாகிறது. கேட்ட துறை, ‘நான் கேட்கவில்லை’ எனப் பின்னர் மறுக்க இயலாது. தம் விவரங்களை எந்த அலுவலகம் பார்த்தது என்பதை, மக்கள்தொகைப் பதிவேடு போன்றவற்றில் குடிமக்களே இணையவழி அறியலாம்.