ஊர் ஊராகப் போனாலும் உடம்பு கூடவே வரும்

எங்கள் ஊர் லாங் ஐலண்ட். நடு அந்தமானுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் தீவு. எங்கே போனாலும் முதலில் படகுதான். படகில் போய் யெரட்டா ஜெட்டியில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ்ஸில் ரங்கத். ரங்கத்திலிருந்து இன்னொரு பஸ் பிடித்தால் போர்ட் பிளேர் போகலாம். அதற்குள் பகல் முழுதும் போய்விடும். 2024-ல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் வைத்தார்கள். ஜெட்டியில் இன்னும் பழைய பேர்தான் அதிகம் காதில் விழுகிறது.

எங்கள் மாலை வகுப்புக்கு ஒரு மாமா வருவார். வயது ஐம்பதுக்கு மேல். கருவாடும் தேங்காயும் ரங்கத்துக்குக் கொண்டு போவார். காய்கறி வாங்கி வருவார். வாரத்தில் நாலு நாள் படகிலும் பஸ்ஸிலும்தான் இருப்பார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு.

ஒரு நாள் காலை. அவசரம். மாமா சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஒன்றும் சாப்பிடவில்லை. "ரங்கத் போய்ப் பார்த்துக்கலாம்" என்று படகில் ஏறிவிட்டார். பாதி வழியில் உடம்பெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. பேச்சுக் குழறியது. கடலில் அன்றைக்கு அலை அதிகம். எல்லாரும் என்ன நினைத்தார்கள்? கடல் மயக்கம் என்று நினைத்தார்கள். படுக்க வைத்து விசிறினார்கள்.

படகில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தார். அவருக்குச் சந்தேகம் வந்தது. "மாமா, காலையில் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலை ஆட்டினார். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார். பதினைந்து நிமிடத்தில் மாமா எழுந்து உட்கார்ந்தார். பிறகு பிஸ்கட்டும் பழமும் சாப்பிடச் சொன்னார்.

மாத்திரை ரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும். வயிற்றில் சாப்பாடு இல்லை என்றால் அளவுக்கு மேல் குறைந்துவிடும். அதுதான் நடந்தது. இதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஒன்று நினைவு இருக்கட்டும். ஆள் நினைவு இல்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரை ஏறிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

மறுநாள் வகுப்பில் மாமா சொன்னார்: "வீட்டில் இருக்கிறவங்களுக்கு நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குத் தூக்கம். எனக்கு இன்னைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். எனக்கு எப்படிப் பாப்பா நல்ல பழக்கம் வரும்?"

நல்ல கேள்வி. நாங்கள் எல்லாரும் பேசிப் பார்த்தோம்.

பயணம் போகிறவருக்குக் கடிகாரம் ஒத்து வராது. படகு ஒரு நாள் நேரத்துக்கு வரும். ஒரு நாள் வராது. ஆனால் ஜெட்டி மாறாது. படகில் ஏறுவது மாறாது. பஸ்ஸில் இருந்து இறங்குவது மாறாது. அப்படியானால் பழக்கத்தை மணியோடு கட்ட வேண்டாம். ஏறுவதோடும் இறங்குவதோடும் கட்டலாம்.

மாமா இப்போது இப்படித்தான் செய்கிறார். சாப்பிடாமல் படகில் கால் வைப்பதில்லை. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து ஜெட்டியிலேயே சாப்பிடுகிறார். மாத்திரையும் அப்போதுதான். இதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தார். நீங்களும் உங்கள் மாத்திரையை எப்போது போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் பயணம் என்றால் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். அது தவறு. புயல் வந்தால் படகு இரண்டு மூன்று நாள் ஓடாது. அதனால் கூடுதலாக ஒரு வாரத்துக்கு உள்ள மாத்திரை பையில் இருக்க வேண்டும். டாக்டர் எழுதிய சீட்டும் இருக்க வேண்டும்.

இனிப் பெண்கள் படும் பாடு. இதை வெளியே சொல்லவே தயங்குகிறோம். ரங்கத்திலிருந்து போர்ட் பிளேர் போகும் வழியில் ஜராவா பழங்குடி மக்களின் காடு இருக்கிறது. மிடில் ஸ்ட்ரெயிட் முதல் ஜிர்காடாங் வரை வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும். சுமார் 50 கிலோமீட்டர். நடுவில் எங்கும் நிறுத்தக் கூடாது. அது அந்த மக்களின் நன்மைக்காகப் போட்ட விதி. சரிதான். ஆனால் நம் அக்காமார் என்ன செய்கிறார்கள்? வழியில் ஒன்றுக்குப் போக முடியாதே என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள்.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும். அடிக்கடி அடக்கினால் அதில் கிருமி பெருகும். எரிச்சல் வரும். காய்ச்சல் வரும். சிறுநீரகத்தில் கல்லும் வரலாம். உங்கள் சிறுநீர் என்ன நிறம் என்று பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சள் என்றால் உடம்புக்குத் தண்ணீர் போதவில்லை. என்ன செய்யலாம்? வண்டி வரிசை புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். வரிசை நிற்கும் இடத்தில் இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு வாருங்கள். வெட்கப்பட வேண்டாம். நாலு பேர் சேர்ந்து போங்கள். காட்டுக்குள் போகும்போது இரண்டு மடக்கு போதும். ஜிர்காடாங் தாண்டியதும் மறுபடி வயிறு நிறையக் குடியுங்கள். எரிச்சலோடு காய்ச்சலும் முதுகு வலியும் இருந்தால் கை வைத்தியம் வேண்டாம். டாக்டரிடம் போங்கள்.

தண்ணீர் எந்தத் தண்ணீர்? வீட்டில் கொதிக்க வைத்து ஆற்றியது. இரண்டு பாட்டில். வழியில் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் நல்ல தண்ணீர். தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை. அரை டீஸ்பூன் உப்பு. அவ்வளவுதான். 1971-ல் வங்காள எல்லையில் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி மூலம் ஏற்றும் திரவம் தீர்ந்து போனது. டாக்டர் திலீப் மஹலானபிஸ் இப்படி உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்தார். நூற்றுக்கு இருபது, முப்பது பேர் இறந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது.

சாப்பாடு பற்றி மாமா ஒரு நியாயம் சொன்னார். "ஜெட்டிக் கடையில் பரோட்டாவும் டீயும்தானே இருக்கு?" உண்மைதான். அதைச் சாப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. (எனக்கும் பரோட்டா பிடிக்கும்.) அதோடு ஒரு பழமோ காயோ சேரட்டும். கொய்யா, நெல்லி, எலுமிச்சை எதுவானாலும் சரி. அந்தக் காலக் கப்பல்காரர்கள் மாதக்கணக்கில் காய்ந்த ரொட்டியும் உப்புக் கறியும் தின்றார்கள். ஈறு அழுகி, பல் விழுந்து, கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் நோய் வந்த 12 பேரைப் பிரித்து வேறு வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேர்தான் சீக்கிரம் தேறினார்கள். நம் ஊர் எலுமிச்சைக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள்!

உட்கார்ந்தே போவதும் உடம்புக்கு ஆகாது. லண்டனில் இரண்டு மாடி பஸ்கள் ஓடும். ஜெரி மாரிஸ் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் அந்த பஸ் ஆட்களைக் கவனித்தார்கள். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்குவார். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே புகை. ஆனால் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. இதை 1953-ல் வெளியிட்டார்கள். அதனால் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஜெட்டியில் மேலும் கீழும் நடக்கலாம். பஸ் நிற்கும் இடமெல்லாம் இறங்கிக் காலை உதறலாம்.

மாமாவுக்கு விட முடியாதது ஒன்று உண்டு. வெற்றிலையோடு புகையிலை. நீண்ட பயணத்தில் வாய் சும்மா இருக்காது அல்லவா? புகையிலை வாய்ப் புற்றுநோய் தரும் என்று அவருக்கும் தெரியும். இப்போது படகில் மட்டும் போடுவதில்லை. பதிலுக்குச் சோம்பு மெல்லுகிறார். ரங்கத்தில் இறங்கியதும் சில நாள் போட்டுவிடுகிறார். ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று விட வேண்டியதில்லை. திரும்பும் படகில் மறுபடி தொடங்கலாம்.

நேற்று மாமா தன் பையைத் திறந்து காட்டினார். மாத்திரை, டாக்டர் சீட்டு, தண்ணீர் பாட்டில் இரண்டு, சர்க்கரைப் பொட்டலம், ஓ.ஆர்.எஸ்., வாழைப்பழம், கொசுவலை. மேலே ஒரு அட்டை. அதில் அவரே தன் கையால் எழுதியிருந்தார்: "எனக்குச் சர்க்கரை வியாதி. மயங்கினால் என் வீட்டுக்குச் சொல்லவும்." கீழே போன் நம்பர். "மயங்கினால்" என்பதை முதலில் "மயங்கிநால்" என்று எழுதி, அடித்துத் திருத்தியிருந்தார்.