முதல் குழந்தை நலம். ஆனாலும் ஊசி ஏன்?

இந்தியாவில் ஏறத்தாழ 100 பேரில் 5 பேருக்கு ஆர்.எச். நெகட்டிவ் ரத்தம். அப்படிப்பட்ட பெண்ணின் கணவர் பாசிட்டிவாக இருந்தால், கருவும் பாசிட்டிவாக அமையலாம். அப்போதும் முதல் குழந்தை பெரும்பாலும் நலமாகவே பிறக்கிறது. பலரை ஏமாற்றுவது அந்த நலம்தான். பிரசவத்தின்போது குழந்தையின் சிவப்பணுக்கள் சிறிதளவு தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அந்த அணுக்களில், தன்னிடம் இல்லாத 'டி' புரதத்தைக் கண்ட தாயின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அதற்குள் முதல் குழந்தை வெளியே வந்துவிடும். அடுத்த கருவும் பாசிட்டிவ் என்றால், இந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து அதன் சிவப்பணுக்களை அழிக்கும். ரத்தசோகை, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைப் பாதிப்பு, சிலவேளை கருவிலேயே மரணம் என அதன் விளைவுகள் நீளும்.

ஆக, இந்த எதிர்ப்பொருள் உருவாவதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி இனி வரப்போகும் குழந்தைக்கான காவல். 1960களில் லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் நடந்த ஆய்வுகளில் பிறந்த இந்த ஊசி, 1968இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. தாயின் உடல் விழித்துக்கொள்ளும் முன்பே, கலந்துவிட்ட அணுக்களை இது அகற்றிவிடுகிறது. ஊசி இல்லாத காலத்தில் இத்தகைய தாய்மாரில் சுமார் 16 சதவீதத்தினருக்கு எதிர்ப்பொருள் உருவானது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் அது 2 சதவீதத்துக்குள் அடங்குகிறது. 28ஆம் வாரத்திலும் போட்டால் மேலும் குறைகிறது. எதிர்ப்பொருள் ஒருமுறை உருவாகிவிட்டாலோ இந்த ஊசியால் பயனில்லை.

“குழந்தையே பிறக்கவில்லை, கரு கலைந்துதானே போனது, ஊசி எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. கருச்சிதைவு, கருக்கலைப்பு, குழாய்க் கர்ப்பம், வயிற்றில் அடி ஆகியவற்றிலும் ரத்தம் கலக்கலாம். ஊசி தேவையா, எவ்வளவு என்பதைக் கர்ப்பத்தின் மாதத்தைப் பொறுத்து மருத்துவர் முடிவு செய்வார். இந்த ஊசி மருந்து மனித பிளாஸ்மாவிலிருந்து தயாராவதால் தொற்று வருமோ என்ற அச்சமும் உண்டு. கொடையாளர் பரிசோதனையும் வைரஸ் நீக்கமும் அந்த ஆபத்தை மிக அரிதாக்கிவிட்டன. ரத்த வகை பொருந்தாத வரனையே தவிர்க்கலாமே என்பாரும் உண்டு. தடுக்க வழியுள்ள ஒன்றுக்காகத் திருமணத்தைத் தடுப்பது நியாயமல்ல. ஏ, பி, ஓ வகை வேறுபாடும் பெரும்பாலும் லேசான மஞ்சள் காமாலையோடு நின்றுவிடுகிறது.

எனவே முதல் பரிசோதனையிலேயே ரத்த வகையைக் கேட்டறியுங்கள். நெகட்டிவ் என்றால், எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகியுள்ளதா என்று காட்டும் மறைமுகக் கூம்ப்ஸ் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஊசி போட்ட தேதியை மறக்காமல் தாய் சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.