நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று பள்ளிப் பருவத்திலே கொப்பியில் எழுதிப் பழகாதவர் நம்மிடையே அரியர். அச்செல்வத்தைத் தேடும் வழி யாது என்று வினவினால், வைத்தியர் முதல் அயல்வீட்டார் வரை பலரும் "நாள்தோறும் நடவுங்கள்" என்பர். வேறு சிலரோ, "நடை போதாது, ஓட வேண்டும்" என்பர். நடப்பவருக்குத் தாம் செய்வது போதுமோ என்ற ஐயம். ஓடத் தொடங்கியவருக்கு மூன்றாம் நாள் முழங்கால் நோவு. ஐந்தாம் நாள் மூச்சிரைப்பு. இரண்டாம் வாரம் புதிய சப்பாத்து கட்டிலின் கீழே தூசி படிந்து கிடக்கும்.

இவ்விரண்டுக்கும் இடையில், உடலுக்கு உழைப்பையும் உள்ளத்துக்கு இன்பத்தையும் ஒருங்கே தரும் ஒரு வேகம் ஒவ்வொருவருக்கும் உண்டு. அது உங்கள் அயலவரின் வேகமன்று. உங்கள் மூத்த சகோதரரின் வேகமுமன்று. அதனை அவரவரே கண்டறிதல் வேண்டும். கண்டறிந்தவர் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்வர். கண்டறியாதவர் சில வாரங்களில் விட்டுவிடுவர். தேகாப்பியாசத்தின் பயன் அனைத்தும் தொடர்ந்து செய்வதிலேயே தங்கியிருப்பதால், இது சிறு விடயம் அன்று.

நடை வேறு, ஓட்டம் வேறு

விரைவாக நடந்தால் அதுவே ஓட்டம் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. இரண்டும் வெவ்வேறு இயக்கங்கள். நடக்கும்போது ஒரு கால் எப்பொழுதும் நிலத்தில் ஊன்றியிருக்கும். ஊன்றிய காலின் மேலாக உடல், தலைகீழாக நிறுத்திய கடிகார ஊசலைப்போல, ஒரு வளைவிலே எழுந்து தாழ்கிறது. எழும்போது சேர்த்த சக்தியைத் தாழும்போது திரும்பப் பெறுகிறது. ஆதலினாலேயே நடை இத்துணைச் சிக்கனமாக அமைந்தது. மணிக்கு 5 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில், அதாவது ஏறக்குறைய 3 மைல் வேகத்தில், இச்சிக்கனம் உச்சநிலை அடைகிறது. சந்தைக்கும் கோயிலுக்கும் நாம் இயல்பாகச் செல்லும் வேகம் ஏறக்குறைய இதுவே.

ஓட்டத்திலோ இரண்டு கால்களும் ஒரு கணம் நிலத்தைவிட்டு நீங்குகின்றன. உடல் பந்தைப்போலத் துள்ளுகிறது. குதிகாலின் பின்னேயுள்ள தடித்த நாண் சுருள்வில்லாக நீண்டு, சக்தியைத் தேக்கி, மறுபடி உந்தித் தள்ளுகிறது. நடையில் பாதம் தாங்குவது உடலின் நிறையைவிடச் சிறிதே கூடிய விசை; ஓட்டத்தில் தாங்குவது இரண்டு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை. முழங்கால் நோவின் இரகசியம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டுங்கெட்டான் வேகம்

நடையின் வேகத்தை மெல்லமெல்லக் கூட்டிக்கொண்டு போனால் மணிக்கு 7 கிலோமீற்றரைத் தாண்டும் இடத்தில் உடல் முரண்டு பிடிக்கும். முன்கால் தசைகள் கடுக்கும், இடுப்பு இழுபடும், கால்கள் தாமாகவே ஓடத் துடிக்கும். காரணம் எளிது. நடைவளைவில் உடலைப் பிடித்துவைத்திருப்பது பூமியின் ஈர்ப்பு மாத்திரமே. வேகம் மிகும்போது உடல் அவ்வளைவை விட்டு மேலெழப் பார்க்கிறது. அதற்குமேல் நடப்பதைவிட ஓடுவதே இலகுவாகின்றது.

கணிதம் பயிலும் மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். வேகத்தின் வர்க்கத்தை, கால் நீளத்தையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கிவரும் தொகையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். கப்பல்களின் இயக்கத்தை ஆராய்ந்த ஆங்கிலேயப் பொறியியலாளர் வில்லியம் புரூட் என்பாரின் பெயரால் அது வழங்குகிறது. அவ்வெண் ஏறக்குறைய 0.5 ஆகும்போது மனிதர் நடையைவிட்டு ஓட்டத்துக்கு மாறுகின்றனர். கால் நீளம் 90 சதமமீற்றர் எனின் மாறும் வேகம் மணிக்கு 7.6 கிலோமீற்றர் அளவில் வரும். 80 சதமமீற்றர் எனின் 7.1, சிறு பிள்ளையின் 50 சதமமீற்றர்க் காலுக்கு 5.6 மாத்திரமே. தந்தையின் கையைப் பிடித்துச் செல்லும் பிள்ளை, தந்தை வேகமாக நடக்கும்போதெல்லாம் ஏன் குடுகுடுவென்று ஓடுகிறது என்பதற்கு இதுவே விடை. பிள்ளை குறும்பு செய்யவில்லை. அதன் கால்கள் விஞ்ஞான விதிக்குக் கீழ்ப்படிகின்றன.

இவ்வேகத்தைச் சூழ்ந்த பகுதியே இடர்ப்பாடானது. நடையாக வைத்துக்கொண்டால் கால் கடுக்கிறது. வழக்கமான ஓட்டமாக மாற்றினால் மூச்சு முட்டுகிறது. பயிற்சி தொடங்குவோர் பலர் தடுமாறி நின்றுவிடுவது இங்கேதான். எனினும் இதனைக் கடப்பதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு.

சாரணர் காட்டிய வழி

முதலாவது, நடையையும் ஓட்டத்தையும் மாறிமாறிச் செய்வது. பேடன் பவல் பிரபு சாரணர்களுக்கு இதனையே கற்பித்தார். சில பத்து அடிகள் விரைந்து நடப்பது, பின்னர் அதே எண்ணிக்கை அடிகள் மெல்ல ஓடுவது, மறுபடி நடப்பது. இதற்குச் சாரணர் நடை என்று பெயர். செய்தி கொண்டு செல்பவன் களைத்து விழாமல், போய்ச் சேர்ந்த இடத்தில் தெளிவாகப் பேசும் நிலையில் இருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து. ஒரு மைல் தூரத்தை இவ்வாறு 12 நிமிடத்தில் கடப்பது சாரணர் சோதனைகளுள் ஒன்றாக இருந்தது. இலங்கையில் 1912 ஆம் ஆண்டு மாத்தளையிலே தொடங்கிய இவ்வியக்கத்தில் பயின்ற பெரியவர்களுக்கு இது நினைவிருக்கும்.

ஒரு மைலுக்கு 12 நிமிடம் என்றால் மணிக்கு 8 கிலோமீற்றர். நாம் இரண்டுங்கெட்டான் என்று கூறிய பகுதியின் எல்லை அதுவே. நடந்து மட்டும் எட்டினால் வருத்தம். தொடர்ந்து ஓடி எட்டினால் புதியவருக்குக் களைப்பு. இரண்டையும் கலந்து எட்டினால் நடைப்பகுதி ஓட்டப்பகுதிக்கு ஓய்வாகிவிடுகிறது.

பாடசாலை மைதானத்தில் 400 மீற்றர்ச் சுற்று இருப்பின் எவரும் தம் வேகத்தை அளந்துகொள்ளலாம். ஒரு சுற்றுக்கு 5 நிமிடம் எடுத்தால் அது சாதாரண நடை. 4 நிமிடம் எடுத்தால் மணிக்கு 6 கிலோமீற்றர். நல்ல விரைவு நடை. 3 நிமிடம் எடுத்தால் சாரணர் நடை. மைதானம் இல்லாதவர் அடிகளை எண்ணலாம்: நிமிடத்துக்கு 100 அடி வைப்பவர் உடலுக்குப் பயன்தரும் நடையைத் தொட்டுவிட்டார் என்று கொள்ளலாம்.

முகம் மலர்ந்த ஓட்டம்

இரண்டாவது வழி யப்பான் நாட்டிலிருந்து வந்தது. புக்குவோக்கா பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் ஆராய்ந்த ஹிரோவாக்கி தனக்கா என்னும் பேராசிரியர், நடக்கும் வேகத்திலேயே ஓடலாம் என்று காட்டினார். கேட்பதற்கு விந்தையாகத் தோன்றும். எட்டி அடிவைக்காமல், மிகக் குறுகிய அடிகளாக, பாதத்தின் முற்பகுதி மெல்ல நிலத்தைத் தொடுமாறு, விரைவான தாளத்தில் ஓடுதல் வேண்டும். வேகம் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீற்றராக இருந்தாலும் போதும். புன்னகை மாறாமல் ஓடக்கூடிய வேகமே சரியான வேகம் என்று அவர் வகுத்தார். அதற்கு யப்பானிய மொழியில் 'நிக்கோ நிக்கோ' என்று பெயர்.

இதன் சிறப்பு யாதெனில், ஓட்டத்தில் ஒரு கிலோமீற்றரைக் கடக்கச் செலவாகும் சக்தி வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறக்குறைய 1 கலோரி செலவாகும். 60 கிலோகிராம் நிறையுள்ளவர் எவ்வளவு மெல்ல ஓடினாலும் கிலோமீற்றருக்கு 60 கலோரி அளவில் செலவழிப்பார். அதே தூரத்தைச் சாதாரணமாக நடந்தால் அதில் பாதியளவே செலவாகும். ஆகவே மெல்ல ஓடுவதனால் பயன் குறைகிறது என்று எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

முந்திச் சென்ற முதியவர்

மெல்லோட்டம் உலகெங்கும் பரவிய வரலாறே இதற்குச் சான்று. நியூசிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் லிடியார்ட் புகழ்பெற்ற பயிற்சியாளர். அவரிடம் பயின்ற பீற்றர் சினெல், மரே ஹால்பேர்க் ஆகிய இருவரும் 1960 ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக் விழாவில் ஒரே நாளில் தங்கப்பதக்கம் வென்றனர். அதே லிடியார்ட், வீரரல்லாத நடுத்தர வயதினரையும் இருதய நோயிலிருந்து தேறியவர்களையும் கூட்டி, பேசிக்கொண்டே ஓடப் பழக்கினார்.

1962 ஆம் ஆண்டின் இறுதியில் பில் பவர்மன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் அங்கே சென்றார். வயது ஐம்பதைத் தாண்டிய அவர், பிறரை ஓடவைத்தவரேயன்றித் தாம் ஓடுவதை விட்டுப் பலகாலம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் கலந்துகொண்டவர் குன்றின்மேல் ஏறும்போது மூச்சுத்திணறிப் பின்தங்கினார். எழுபதைக் கடந்த, முன்னர் இருதய நோய்க்கு ஆளான முதியவர் ஒருவர், அவர் தனித்துவிடாதபடி உடன் ஓடினார். அந்நாள் பவர்மனின் எண்ணத்தை மாற்றியது. தாய்நாடு திரும்பி ஒரேகன் மாநிலத்தில் பொதுமக்களுக்கு மெல்லோட்டம் பழக்கினார். 1967 ஆம் ஆண்டு இருதய வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து அதைப்பற்றி நூலும் எழுதினார். ஜொகிங் என்னும் சொல் வீடுதோறும் புகுந்தது அதன் பின்னரே.

அந்த முதியவர் வேகத்தால் வெல்லவில்லை. வாரந்தோறும் தவறாமல் தம் அளவறிந்து ஓடியதனால் வென்றார்.

மூச்சே அளவுகோல்

வேகத்தை அளக்கக் கைக்கடிகாரமும் கருவியும் இன்றியமையாதன அல்ல. உங்கள் மூச்சே அளவுகோல். அருகில் வருபவருடன் முழு வாக்கியங்களாகப் பேச முடிகிறதா? பேச முடிந்து, பாட முடியவில்லையாயின், நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். பாடவும் முடிந்தால் சற்று வேகம் கூட்டலாம். இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் உடனே குறைத்துவிடுங்கள். வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை இத்தகைய மிதமான உழைப்பில் ஈடுபடுவது நன்று என்று உலக சுகாதார தாபனம் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில் கூறுகிறது. நாளொன்றுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம் நிறைவேறிவிடும்.

தொடங்குபவர் முதல் இரண்டு வாரம் நடைமட்டும் பழகலாம். பின்னர் நான்கு நிமிட நடைக்கு ஒரு நிமிட மெல்லோட்டம் சேர்க்கலாம். உடல் இணங்கினால் ஓட்டத்தை மெதுவாகக் கூட்டலாம். இணங்காவிடின் அங்கேயே நிற்கலாம். பதறாத காரியம் சிதறாது.

குடும்பமாகச் செல்வோர் ஒன்றை மறத்தலாகாது. உயரமான கணவருக்கு உல்லாச நடையாக இருப்பது, உயரம் குறைந்த மனைவிக்கு இரண்டுங்கெட்டான் வேகமாக இருக்கலாம். "உன்னால் என்னோடு வர இயலவில்லையே" என்று கடிந்துகொள்வது நீதியன்று. கால் குட்டையானவரே வேகத்தை நிர்ணயிக்கட்டும். நெடியவர் வேண்டுமானால் தனியே மேலும் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம்.

சில எச்சரிக்கைகள்

நெஞ்சுநோவு, தலைச்சுற்று, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நின்றுவிட வேண்டும். வைத்தியரை நாட வேண்டும். இருதய நோயுள்ளோரும், நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோரும், பல்லாண்டுகளாக உடலை அசைக்காதிருந்தவரும் வைத்தியரைக் கேட்டபின்னரே ஓட்டத்தைத் தொடங்குதல் நலம். நம் நாட்டுக் கரையோரப் பகுதிகளில் காற்று ஈரம் மிக்கது, வியர்வை எளிதில் உலராது, உடற்சூடு தணியாது. ஆகையால் விடியற்காலையே உகந்த நேரம். மூட்டு நோவுள்ளவர்களும் உடல் பருத்தவர்களும் நடையோடு நின்றுவிட்டாலும் குறைவொன்றும் இல்லை.

வீதியிலே நம்மைப் பலர் முந்திச் செல்வர். செல்லட்டும். ஊரார் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற கூச்சம் எத்தனையோ பேரை வீட்டுக்குள் இருத்தி நோயாளியாக்கியிருக்கிறது. சிரிப்பவர் நமது மருந்துச் செலவைத் தரப்போவதில்லை. இன்றைக்கு எவ்வளவு வேகமாகச் சென்றோம் என்பதன்று கேள்வி. நாளைக்கும் செல்ல விருப்பம் இருக்கிறதா என்பதே கேள்வி. "ஆம்" என்று உடலும் உள்ளமும் ஒருமித்து விடையளிக்கும் வேகம் எதுவோ, அதுவே உங்களுக்கு உரிய வேகம்.