ஸ்கேன் படமும் ஒரு கணக்குப் புத்தகமே!

(கண்டமங்கலம் மொத்த வியாபாரி ஒருவர் எழுதுவது)



வரி, லைசென்ஸ், எடைக்கல் முத்திரை என்று நம் தொழில் சம்பந்தமான விஷயங்களையே இந்தப் பக்கங்களில் அதிகம் பார்க்கிறோம். இந்தத் தடவை உடம்பு சம்பந்தமான ஒரு விஷயத்தை எழுத அனுமதிக்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்தால் காலை முதல் இரவு வரை எழுந்திருக்காத கூட்டம் நாம். வியாதி வந்தால்தான் ஆஸ்பத்திரி நினைவு வரும். அதிலும் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டால் கை கால் ஓடுவதில்லை.

“சதை எடுத்துப் பார்த்து புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு இரண்டு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்? காசு பிடுங்கத்தானே?” என்று கேட்கிற வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நினைத்து ஸ்கேனை விட்டுவிட்டவர்களும் உண்டு. எடுத்த படத்தைப் பரணில் போட்டு மறந்தவர்கள் அதைவிட அதிகம். நான் டாக்டர் அல்ல. பள்ளிப்படிப்போடு கடைக்கு வந்தவன். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு வைத்தியம் பார்த்த காலத்தில் டாக்டர்களிடம் கேட்டும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டதை நம் தொழில் பாஷையிலேயே சொல்கிறேன்.

படம் வந்த கதை

ஜெர்மனியைச் சேர்ந்த ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி 1895 நவம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத் தெரியும். ஆனால் ஈரல், மூளை போன்ற மெல்லிய உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கலாக விழும். இந்தக் குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்தின் ஹவுன்ஸ்பீல்டு. எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். உடம்பைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, ரொட்டியைத் துண்டு போட்டதுபோல் உள்ளே காட்டும் சி.டி. ஸ்கேன் கருவியை அவர் செய்தார். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் ஒரு பெண்மணியின் தலையைத்தான் முதலில் எடுத்தார்கள். 1979-ல் அவருக்கும், அந்தக் கணக்கை முன்பே எழுதிய கார்மக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது, சி.டி. ஸ்கேன் என்பது வெறும் போட்டோ அல்ல என்பதுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் இருக்கிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்று அளவு வைத்திருக்கிறார்கள். கட்டி எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து சொல்லலாம். அளக்க முடிகிற எதையும் கணக்கு எழுதலாம் அல்லவா?

ஆரம்ப இருப்பு

சித்திரையில் புதுக்கணக்கு போடும்போது முதலில் என்ன செய்கிறோம்? இருப்பு எடுக்கிறோம். கையிருப்பு தெரியாமல் ஆண்டுக் கடைசியில் லாபமா நஷ்டமா என்று சொல்ல யாராலும் முடியாது. புற்றுநோய் வைத்தியத்திலும் முதல் ஸ்கேன் என்பது இந்த ஆரம்ப இருப்புதான். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதா, நுரையீரல், ஈரல், எலும்பு என்று தூரத்தில் பரவியிருக்கிறதா என்று பார்த்து, நோயை நாலு நிலைகளில் ஒன்றில் சேர்க்கிறார்கள்.

அறுவை செய்வதா, முதலில் மருந்து ஏற்றி கட்டியைச் சுருக்கிவிட்டு அறுப்பதா, கதிர்வீச்சு கொடுப்பதா என்பதெல்லாம் இந்த நிலையைப் பொறுத்தது. ஒரே மாதிரி வாய்ப்புற்று வந்த இரண்டு பேருக்கு இரண்டு விதமான வைத்தியம் நடப்பதைப் பார்த்து, “அவருக்கு மட்டும் ஆபரேஷன், எனக்கு ஏன் இல்லை?” என்று குழம்ப வேண்டியதில்லை. இருவருக்கும் ஆரம்ப இருப்பு வேறு.

நடுவில் எடுக்கும் படம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? இதற்கு ‘ரெசிஸ்ட்’ என்று ஒரு அளவுமுறையை 2000-ல் வகுத்து, 2009-ல் திருத்தினார்கள். மருந்து ஆராய்ச்சிக்காக வந்தது. இன்று சாதாரண வைத்தியத்திலும் டாக்டர்களுக்கு உதவுகிறது. எல்லாக் கட்டியையும் அளப்பதில்லை. ஒரு உறுப்பில் அதிகபட்சம் 2, மொத்தத்தில் அதிகபட்சம் 5 என்று தேர்ந்தெடுத்து, அவற்றின் நீள அளவைக் கூட்டுகிறார்கள். லோடு முழுவதையும் பிரிக்காமல், மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி பார்க்கிறோமே, அதுபோல.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஈரலில் 2 கட்டி, நுரையீரலில் 1 கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியத்துக்கு முன்: 42 + 28 + 20 = 90 மி.மீ.
சில தடவை மருந்து ஏற்றியபின்: 30 + 18 + 12 = 60 மி.மீ.
மேலும் சில மாதம் கழித்து: 36 + 22 + 14 = 72 மி.மீ.

முதல் கூட்டுத்தொகையிலிருந்து 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் மருந்து ஓரளவு பலன் தருகிறது என்று அர்த்தம். 90 என்பது 60 ஆனால் 33 சதவீதம் குறைவு. நல்ல செய்தி. மூன்றாவது படத்தில் 72. ‘90 இருந்தது 72 ஆகியிருக்கிறது, இன்னும் குறைவுதானே’ என்று நாம் சந்தோஷப்படுவோம். டாக்டர் சந்தோஷப்பட மாட்டார். ஏனென்றால் நோய் வளர்கிறதா என்பதை முதல் படத்தோடு ஒப்பிடுவதில்லை. இதுவரை வந்ததிலேயே மிகக் குறைந்த அளவோடு ஒப்பிடுகிறார்கள். 60-லிருந்து 72 என்றால் 12 மி.மீ. கூடியிருக்கிறது, சரியாக 20 சதவீதம். 20 சதவீதமும், குறைந்தது 5 மி.மீட்டரும் கூடினால் நோய் மறுபடி வளர்கிறது என்று கணக்கு. புதிதாக ஒரு கட்டி முளைத்தாலும் அப்படியே. அதே மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்று யோசிக்க வேண்டிய நேரம் அது.

இப்போது யோசியுங்கள். நடுவில் எடுத்த அந்த 60 மி.மீ. படத்தைத் தொலைத்துவிட்டால் என்ன ஆகும்? புதிய டாக்டர் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் பார்த்து, குறைந்திருக்கிறது என்றுதான் நினைக்க நேரிடும். மருந்து பலன் இழந்த விஷயம் தெரியாமலே போகும். பேரேட்டில் நடுப்பக்கத்தைக் கிழித்தால் ஐந்தொகை பொய் சொல்லும்.

எனக்குத் தெரிந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரி மாறினார். பழைய படங்கள் குடோனில் மூட்டைக்கு அடியில் கிடந்து எலி கடித்துப் போயின. புதிய இடத்தில், “ஒப்பிட ஒன்றும் இல்லை. இன்று எடுப்பதுதான் ஆரம்பம். இரண்டு மாதம் கழித்து எடுத்தால்தான் சொல்ல முடியும்” என்றார்கள். அந்த இரண்டு மாதமும் உள்ளே போன மருந்து பலன் தருகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பணம் போனால் சம்பாதிக்கலாம். இந்த நோயில் இரண்டு மாதம் என்பது பணத்தைவிடப் பெரிது.

சர்க்கரையைத் தேடும் ஸ்கேன்

‘பெட் ஸ்கேன்’ என்று சொல்கிறார்களே, அதன் வேலை வேறு. புற்றுநோய் அணுக்களில் பல, சாதாரண அணுக்களைவிட அதிகமாகச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகவே கதிரியக்கம் சேர்த்த ஒரு வகைச் சர்க்கரையைக் கொஞ்சம் ஊசி மூலம் செலுத்தி, அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கிறார்கள். கட்டியின் அளவு மட்டுமல்ல, அதில் உயிர் இருக்கிறதா என்பதும் தெரிகிறது.

அந்த மருந்து கீரைக்கட்டைவிட சீக்கிரம் வீணாகும் சரக்கு. சுமார் 110 நிமிடத்தில் அதன் சக்தி பாதியாகிவிடும். அதனால்தான் குறித்த நேரத்துக்கு வரச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் போக வேண்டும். நம்மில் பாதிப்பேர் சர்க்கரை வியாதிக்காரர்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் படம் சரியாக வராது. மாத்திரை, இன்சுலின் விவரத்தை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தப் படம் எப்படி வைத்தியத்தையே மாற்றுகிறது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. தொண்டை, தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் கழுத்து நெறிகளுக்குப் பரவியிருந்தால், கதிர்வீச்சும் மருந்தும் முடிந்த பிறகும் எதற்கும் இருக்கட்டும் என்று கழுத்து நெறிகளை அறுவை செய்து எடுப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் இப்படிப்பட்ட 564 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கப்படி அறுவை. மற்றப் பிரிவுக்குச் சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து பெட் ஸ்கேன். அதில் சந்தேகம் வந்தால் மட்டும் அறுவை. 2016-ல் முடிவு வெளியானது. முதல் பிரிவில் 221 அறுவை நடந்தது. ஸ்கேன் பார்த்த பிரிவில் 54 மட்டுமே. உயிர் பிழைத்திருப்பதில் ஸ்கேன் பிரிவு எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. எத்தனை பேருடைய கழுத்து கத்தியிலிருந்து தப்பியது பாருங்கள்!

ஹாட்ஜ்கின் என்ற நெறிப் புற்றுநோயிலும் இப்படித்தான். இரண்டு மாத மருந்து முடிந்ததும் பெட் ஸ்கேன் எடுத்து, அது தெளிவாக இருந்தால், நுரையீரலைக் கெடுக்கக்கூடிய ஒரு மருந்தை மீதி வைத்தியத்தில் விட்டுவிடலாம் என்று 2016-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சி காட்டியது. சிலர் நினைப்பதுபோல ஸ்கேன் செலவைக் கூட்டுவதற்கு மட்டும் வந்ததல்ல. வேண்டாத அறுவையையும் வேண்டாத மருந்தையும் குறைக்கவும் அது வழி செய்கிறது.

கதிர்வீச்சுக்கு, அதாவது நம் ஜனங்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் வைத்தியத்துக்கும், முதலில் ஸ்கேன் எடுத்து, கட்டியின் எல்லையை வரைந்து, உமிழ்நீர்ச் சுரப்பி, தண்டுவடம் போன்றவற்றுக்கு எவ்வளவுக்கு மேல் படக்கூடாது என்று திட்டம் போட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். ‘படம் எடுத்து ஒரு வாரமாகியும் வைத்தியம் ஆரம்பிக்கவில்லையே’ என்று பதற வேண்டாம். அந்த நாட்களில் திட்டம் தயாராகிறது.

படத்தால் முடியாதது

படமே எல்லாம் என்றும் நினைக்கக்கூடாது. காசநோயும் சீழ்க்கட்டியும் பெட் ஸ்கேனில் புற்றுநோய்போலவே ஒளிவிடும். ஆகவே சதைப் பரிசோதனை இல்லாமல் படத்தை மட்டும் பார்த்துப் புற்றுநோய் என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் சரியல்ல. ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பயந்து தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து அதிகம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்துகளில், சிலருக்குக் கட்டி முதலில் பெரிதானதுபோல் காட்டிப் பிறகு சுருங்குவதும் உண்டு. எண்ணை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார்த்து முடிவு செய்வது டாக்டரின் வேலை.

இப்போது படத்தைப் படிக்கக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. ஸ்வீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு மார்பகப் படம் எடுத்துச் சோதித்ததில், கம்ப்யூட்டர் துணையோடு படித்தபோது டாக்டர்களின் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடிப்பதில் குறைவில்லை என்று 2023-ல் அறிவித்தார்கள். கால்குலேட்டர் வந்தபிறகும் கடைக்கணக்கைச் சரிபார்க்க முதலாளி வேண்டும் என்பதுபோல, கடைசி வார்த்தை டாக்டருடையதே.

நாம் செய்ய வேண்டியவை

1. முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள். தேதி வாரியாக ஒரே பையில், வெயிலும் ஈரமும் எலியும் படாத இடத்தில் வையுங்கள்.

2. பிலிமோடு குறுந்தகடும் கேட்டு வாங்குங்கள். பிலிமில் இருப்பது பொறுக்கிய சில படங்கள். குறுந்தகட்டில் எல்லாம் இருக்கும், அளந்து பார்க்கவும் முடியும். செல்போனில் பிலிமைப் போட்டோ எடுத்து அனுப்புவது அதற்கு ஈடாகாது.

3. புதிய ஸ்கேன் எடுக்கும்போது பழைய படத்தையும் ரிப்போர்ட்டையும் ஸ்கேன் சென்டரில் கொடுத்து, ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். முடிந்தவரை அதே இடத்தில் அதே முறையில் எடுப்பது நல்லது. தராசு மாறினால் எடை மாறும்.

4. டாக்டரிடம், “போன தடவைக்கு இப்போது எத்தனை மில்லிமீட்டர்? அடுத்த படம் எப்போது?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

5. சிறுநீரகக் கோளாறு, அலர்ஜி, இதயத்தில் பேஸ்மேக்கர், கர்ப்பம் இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

6. டாக்டர் எழுதாத ஸ்கேனை விளம்பரம் பார்த்து நாமே எடுத்துக்கொள்ள வேண்டாம். சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு.

நம் ஊரிலிருந்து கிழக்கே போனால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர். அங்கே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. மேற்கே போனால் விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை அடையாறில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் பாடுபட்டு 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் சாந்தா அம்மையார் வளர்த்தது, பணமில்லாதவர்களையும் பார்க்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி உண்டு. சிறு கடைக்காரர்களில் பலர் தகுதி இருந்தும் அட்டை வாங்காமல் இருக்கிறார்கள். இன்றே விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று. கல்லாவில் உட்கார்ந்து வாயில் புகையிலையோ பாக்கோ அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், அதைப் பார்க்க ஸ்கேன்கூட வேண்டாம். ஒரு டார்ச் லைட்டும் ஒரு டாக்டரும் போதும். கடைக்கு ஒரு நாள் லீவு விட்டாலும் வாடிக்கையாளர் எங்கும் போய்விட மாட்டார்.