பம்புசெட்டு பழுது பார்ப்பவருக்கு எத்தனை தொழில் தெரிந்திருக்க வேண்டும்?

கதிர் பிடிக்கும் சமயத்தில் பம்புசெட்டு நின்றுவிட்டால் நேரும் நஷ்டத்தைக் குடியானவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. மின்சார வேலையாள் வந்து, கோளாறு பம்பிலென்று சொல்லிப் போவதும், பம்பு பிட்டர் வந்து, கோளாறு மோட்டாரிலென்று சொல்லிப் போவதும் பல ஊர்களிற் காணும் காட்சியே. இருவருக்கும் கூலி கொடுத்தாகிறது, பயிரோ வாடுகிறது.

ஆகையால் ஒருவருக்கே எல்லா வேலையையும் கற்பித்துவிடலாமென்று சிலர் எண்ணுகின்றனர். அதுவும் சரியன்று. அரைகுறைப் பயிற்சியுடன் மோட்டாருக்குக் காயில் கட்டினால் அது விரைவிற் கருகிப்போகும். அன்றியும், எப்பொழுதோ ஒரு முறை செய்யும் வேலை கைக்கு மறந்துபோகும்.

எல்லையை நிர்ணயிக்க மூன்று கேள்விகள் போதும். அப்பழுது அடிக்கடி நேர்கிறதா? சில நாட்களிற் கற்கக்கூடியதா? தவறினால் உயிருக்கோ யந்திரத்திற்கோ அபாயமுண்டா? அடிக்கடி நேர்வதும், எளியதும், அபாயமற்றதுமான வேலையை யாவருக்கும் கற்பிக்கலாம். மற்றவை தேர்ந்தவர்களுக்கே உரியன.

ஆயினும் கோளாற்றைக் கண்டறிவது வேறு, சரிசெய்வது வேறு. இரண்டு பேஸ் கம்பிகள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையிற் சுழன்று, நீர் மிகக் குறைவாகவே ஏறும். இதைப் பிட்டர் அறிந்திருந்தால் பம்பை வீணாகப் பிரிக்கமாட்டார்; கம்பியை மாற்ற மின்சார வேலையாளை அழைப்பார். அவ்வாறே, புட்வால்வு கசிவையும், உறிஞ்சு குழாயிற் காற்று புகுவதையும் மின்சார வேலையாள் அறிந்திருப்பது நலம். கண்டறியும் அறிவை விரிவாகவும், சரிசெய்யும் பயிற்சியை அளவாகவும் கொடுக்கவேண்டும்.

இந்தியா மார்க் 2 கைப்பம்புகளுக்குத் தமிழ்நாட்டில் ஏற்பட்ட மூன்றடுக்குப் பராமரிப்பு முறை இதற்கு நல்ல உதாரணம். கிராமத்துக் காப்பாளர் போல்ட்டுகளை முடுக்கிக் கிரீஸ் இடுவார். வட்டார மெக்கானிக் மேற்பகுதிப் பழுதுகளைப் பார்ப்பார். கிணற்றுக் குழாய்களைத் தூக்குவது மாவட்ட நடமாடும் குழுவின் வேலை. பின்னர் வந்த மார்க் 3இல் குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை வெளியே எடுக்க இயன்றமையால், குழுவின் வேலையிற் பெரும்பகுதியை உள்ளூரிலேயே செய்துகொள்ள வழி பிறந்தது. யந்திரம் மாறினால் பயிற்சியின் எல்லையும் மாறுமென்பது இதனால் விளங்கும்.

ஆதலால் ஊராட்சியாரும் நிலச்சொந்தக்காரர்களும் கூடி, ஒரு போக காலத்திற்குப் பழுதுப் புத்தகம் ஒன்று வைத்தல் நன்று. நின்ற தேதி, பழுது இன்னது, வந்தவர் யார், நீர் மீண்டும் ஓடிய தேதி ஆகிய நான்கையும் எழுதிவரவேண்டும். எந்தப் பழுதுக்கு இரண்டாம் ஆளுக்காக அடிக்கடி காத்திருக்க நேர்ந்ததோ, அபாயமில்லையேல் அதையே முதல் ஆளுக்குக் கற்பிக்கலாம். அபாயமுள்ளதாயின் கண்டறியவேனும் கற்பிக்கவேண்டும். அதற்கு மேற்பட்ட பயிற்சி பணத்திற்கும் பொழுதிற்கும் கேடே.